பதினாறாம் திகதியில் ஒன்றும் இல்லை

காலை ஆறரைக்குத் தொலைபேசி ஒருமுறை அதிரும். பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

“இன்றைய நாளில், 2014: றஷ்மி தன் முதலாவது மின்சாரக் கிற்றாரை மருதானையில் வாங்கினார்.”

“இன்றைய நாளில், 2017: அம்பிளிபயர் எரிந்தது. பத்து நிமிடத்தில் நிகழ்ச்சி தொடர்ந்தது.”

“இன்றைய நாளில், 2016: செருப்பு அறுந்ததால் றஷ்மி வெறுங்காலுடன் பாடினார்.”

றஷ்மி என் மனைவி. போன ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி இறந்தாள். முப்பத்திரண்டு வயது. நோயின் பெயர் இங்கே தேவையில்லை. பதினொரு வருடம் ஒரு தமிழ் ரொக் குழுவில் பாடினாள், கிற்றார் வாசித்தாள். குழுவின் பெயர் ஐந்தாம் மாடி. கொட்டாஞ்சேனையில் ஐந்தாவது மாடியில் உள்ள ஒரு வீட்டில்தான் ஒத்திகை. நாலாம் மாடி என்றால் இந்த நாட்டில் விசாரணைக்குக் கொண்டுபோகிற இடம். நாங்கள் அதற்கும் ஒன்று மேலே என்று மேடையில் சொல்வார்கள். கூட்டம் சிரிக்கும். எத்தனை தரம் கேட்டாலும் சிரிக்கும்.

அந்த வீடு ஸ்ரான்லியுடையது. அவன் குழுவில் ட்றம்ஸ் வாசித்தான். றஷ்மியை அடக்கம் செய்து ஒரு வாரத்தில் பேஸ்புக்கில் அவள் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினான். நாளுக்கு ஒரு நினைவு. நாலாயிரம் பேர் அதைப் பின்தொடர்கிறார்கள். நபீஸ் என்று ஒருவர் ஒவ்வொரு நாளும் “புல்லரிக்குது” என்று எழுதுவார். அம்பிளிபயர் எரிந்ததற்கும் புல்லரித்தது. செருப்பு அறுந்ததற்கும் புல்லரித்தது.

பக்கத்தில் நானும் ஒருமுறை வந்தேன். “இன்றைய நாளில், 2021: றஷ்மியின் திருமணம். இசைக்கு ஒரு மாத இடைவெளி.” அவ்வளவுதான். அந்த இடைவெளி நான்.

பக்கத்தைப் பார்க்காமல் விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. நான் பார்க்காவிட்டாலும் மற்றவர்கள் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் நான் கட்டடத் தூண்களின் கணக்குப் பார்க்கிறவன். பக்கத்து மேசை சுரேகா காலையில் கணினியைத் திறக்க முன்னமே தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்லுவாள்.

“சுதன் அண்ணா, இண்டைக்கு அவ முதல் தரம் கண்டியில பாடின நாளாமே.”

“ஓம்.”

“உங்களுக்கு எப்பிடி இருக்கும்.”

“அப்ப எனக்கு அவவைத் தெரியாது.”

அவள் கண் கலங்கும். எனக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அவளுக்கு இன்னும் கலங்கும்.

வீட்டில் வேறு கதை. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில். அம்மா கனகேஸ்வரி திதி பார்க்கிறார். கொட்டாஞ்சேனையில் றஷ்மியின் அம்மா றோஸி மாமி திகதி பார்க்கிறார். திதி செப்டெம்பர் கடைசியில் விழுகிறது. தேவாலயப் பூசை ஒக்ரோபர் ஒன்பது. கத்தோலிக்கப் பிள்ளைக்குத் திதியா என்று மாமி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மனைவிக்கு இரண்டு ஆண்டு நினைவு, அதற்கு மேல் ஸ்ரான்லியின் முந்நூற்று அறுபத்தைந்து.

இந்த யூலை முப்பத்தோராம் திகதி வந்தது எனக்குத் தெரிந்த நாள். “இன்றைய நாளில், 2015: பத்து வருடங்களுக்கு முன், கொழும்பு ஹோட்டல் ஒன்றில், றஷ்மி முதன்முறையாகத் தன் சொந்தப் பாட்டைப் பாடினார்.” நான் அங்கே இருந்தேன். கம்பஸ் நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். தேர்தல் காலம். வீதியில் ஒலிபெருக்கி வண்டிகள். என் கையில் பியர் கிளாஸ். அவள் பாடி முடிக்கும் வரை குடிக்க மறந்துவிட்டேன். பியர் சூடாகிவிட்டது. அதையும் குடித்தேன்.

அன்று பின்னேரம் ஸ்ரான்லி வட்ஸ்அப்பில் ஓகஸ்ட் மாதப் பட்டியலை அனுப்பினான். ஒவ்வொரு மாதமும் அனுப்புவான், படம் ஏதும் இருந்தால் தரச் சொல்லி. நான் ஒருபோதும் கொடுத்ததில்லை. பட்டியலில் விரலை ஓட்டினேன். நடுவில் நின்றது.

“16: கடைசி மேடை, வத்தளை (2024). இதுக்கு நல்ல படம் ஒன்று வேணும் மச்சான்.”

அவனுக்கு அழைத்தேன். அவன் ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம் ஒன்றில் எழுதுவினைஞன். பின்னால் லொறிகள் இரைந்தன.

“ஓகஸ்ட்டிலயா? அவ மே மாதத்தோட மேடையை விட்டவ.”

அவன் தள்ளிப் போனான் போல. லொறிச் சத்தம் குறைந்தது.

“உனக்குச் சொல்லல்லையா?”

“என்னத்தை?”

“இல்ல மச்சான். பாட்டு வரிசை எழுதின பேப்பர் இருக்கு. ஓகஸ்ட் பதினாறு. நான் என்ன கனவா கண்டேன்?”

“பதினாறு முழுக்க அவ என்னோட இருந்தவ.”

“முழுக்க?”

“விடிய ஆறு மணியில இருந்து படுக்கும் வரைக்கும்.”

“அப்ப பேப்பர் பொய் சொல்லுதா?”

“எழுதினவன் பொய் சொல்லலாம்.”

“ஞாயிறு வா. வந்து கையால தொட்டுப் பாரு, நம்பாத தோமையார் மாதிரி.” வைத்துவிட்டான்.

2024 ஓகஸ்ட் பதினாறு. வெள்ளிக்கிழமை. கிளினிக் அட்டையில் அன்றைய முத்திரை இருக்கிறது. அலமாரியில் இருந்து எடுத்துப் பார்த்தேன். காலையில் இரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வரை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மருதானை ஸ்ரேசனில் கோச்சி ஏறினோம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அவளுக்கு இடம் கொடுத்தது. வெள்ளவத்தையில் இறங்கியதும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். தண்டவாளத்தைக் கடந்து கடலோரக் கற்களில் உட்கார்ந்தோம். மரவள்ளிப் பொரியல் ஒரு பைக்கற் வாங்கச் சொன்னாள். இரண்டு தின்றாள். மிச்சம் நான்.

அப்போது சொன்னாள்: “மேடை முடிஞ்சிட்டு சுதன். இனி இல்ல.”

“கவலையா?”

“கால் நோகுது. அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்தோம். ஒன்பது மணிக்குப் படுத்தாள். இதில் நினைவு நாள் கொண்டாட ஒன்றும் இல்லை. படம்கூட எடுக்கவில்லை. ஆனால் ஸ்ரான்லியோ, பேஸ் கிற்றார் வாசிக்கும் நிருஷாவோ, நபீஸோ, நாலாயிரம் பேரில் ஒருவரோ உள்ளே வராத ஒரு நாள் அது. அவள் எனக்கு மட்டும் ஒன்றைச் சொன்ன நாள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலையும் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு நாளில் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். நான் கேட்கப்போவது அவ்வளவுதான்.

அதை நினைக்கும்போதே இன்னொன்றும் தெரிந்தது. பேப்பர் சரி என்றால், றஷ்மி சொன்னது பொய்.

ஞாயிறு காலை புறப்படும்போது அம்மா குசினியில் இருந்து ஒரு துண்டை நீட்டினார். எங்கள் வீட்டில் சாமான் பட்டியல் எப்போதும் நாள் கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான். நல்ல தாள் வீணாகக் கூடாது.

“அங்காலப் பக்கம் போறாய் தானே. சின்ன வெங்காயம் நல்லதா இருந்தா வாங்கு. இஞ்ச எல்லாம் அழுகல்.”

“நான் சண்டை பிடிக்கப் போறன் அம்மா.”

“பிடிச்சிட்டு வாங்கு.”

தாளைச் சட்டைப் பையில் வைத்தேன்.

கோட்டையில் பஸ் மாறினேன். கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து சனம் வீதியை நிரப்பியிருந்தது. ஸ்ரான்லியின் தொடர்மாடியில் லிப்ற் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் ஏறினேன். றஷ்மி கிற்றாரோடு ஏறியிருக்கிறாள்.

ஸ்ரான்லியின் அம்மா மாக்ரெட் அன்ரி கதவைத் திறந்தார். “வாங்க மகன். மெலிஞ்சிட்டீங்க.” யார் வீட்டுக்குப் போனாலும் நான் மெலிந்துவிடுகிறேன். பிளேன்ரீயும் கேக் துண்டும் வந்தன. ஸ்ரான்லி ஒரு தகர பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே வருடவாரியாக றப்பர் பட்டி போட்ட தாள் கட்டுகள். எல்லாம் நாள் கலண்டர்த் தாள்கள். பின்பக்கத்தில் பாட்டுகளின் வரிசை, யார் எங்கே தொடங்குவது, யார் வரவில்லை, என்ன உடைந்தது.

“மேடையில அவ காலடியில ஒட்டுறதுக்கு இந்த சைஸ்தான் சரி,” என்றான். “ஒத்திகைக்கும் இதுதான், ஷோவுக்கும் இதுதான். அம்மா கிழிச்சு வச்சிருப்பாங்க, நான் எடுத்துக்கொண்டு போவேன். திகதி எழுதவே தேவையில்ல. முன்னால அச்சிலயே இருக்கு. உலகத்தில எந்த பேண்டுக்கும் இப்பிடி ஒரு றெக்கோட் இல்ல.”

“பதினாறைக் காட்டு.”

எடுத்துக் கொடுத்தான். பெரிய கறுப்பு 16. வெள்ளி. ஓகஸ்ட் 2024. திருப்பினேன். றஷ்மியின் எழுத்து. படிக்கவில்லை. எழுத்து அவளுடையது என்று பார்த்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டேன்.

“இப்ப என்ன சொல்ற?” என்றான்.

“பிழை.”

“அவட கையெழுத்து மச்சான்.”

“கையெழுத்து சரி. நாள் பிழை.”

“நாள் அச்சடிச்சிருக்கு. நீ எஞ்சினியர் தானே. அச்சடிச்சதை நம்ப மாட்டியா?”

“உன்ர பேணியில இருக்கிற மற்ற நாளெல்லாம் சரியோ?”

“ஒண்டு பிழை காட்டு. பக்கத்தையே மூடுறேன்.”

இது போதும். 2015 கட்டின் றப்பரைக் கழற்றினேன். பத்து வருடம் பழைய றப்பர், கையோடு அறுந்தது. மாக்ரெட் அன்ரி இன்னொரு றப்பர் கொண்டுவந்து வைத்தார். எனக்குத் தெரிந்த ஒரே நாளைத் தேடினேன். யூலை 31. பின்பக்கம் சொந்தப் பாட்டின் பெயர், அதைச் சுற்றி அவள் போட்ட மூன்று வட்டம். முன்பக்கம் திருப்பினேன். இலக்கம் சிவப்பில் இருந்தது. மூலையில் ஒரு முழு நிலா.

“இது என்ன?”

“போயா.”

“போயாவுக்கு ஹோட்டல்ல ஷோ வச்சனீங்களோ?”

“வச்சிருப்போம்.”

“என்ர கையில பியர் இருந்தது ஸ்ரான்லி.”

அவன் தாளை வாங்கி நிலாவை உற்றுப் பார்த்தான். பௌர்ணமிப் போயா அன்று இந்த நாட்டில் ஒரு பாரும் திறக்காது. ஹோட்டலில் வெள்ளைக்காரன் கேட்டாலே ஒளித்துத்தான் கொடுப்பார்கள். கம்பஸ் பெடியன் ஒருவனுக்குக் கிளாசில் ஊற்றிக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“நீ வெளியில இருந்து கொண்டு வந்திருப்ப.”

“பார்ல வாங்கினது. வரிசையில நிண்டு.”

“அப்ப எப்பிடி?”

எனக்கும் தெரியவில்லை. எரிச்சலில் சட்டைப் பையைத் தடவினேன், பேனாவுக்காக. அம்மாவின் பட்டியல் வந்தது. சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கற்பூரம். திருப்பிப் பார்த்தேன். பெரிய கறுப்பு 2. சனி.

“இண்டைக்கு என்ன நாள்?”

“ஞாயிறு. மூண்டாம் திகதி.”

“இது அம்மா இண்டைக்குக் காலமை எழுதித் தந்தது.” தாளை அவன் பக்கம் தள்ளினேன். “அன்ரி, நீங்க கலண்டரை எப்ப கிழிக்கிறனீங்க?”

“காலைல, மகன். பூசைக்குப் போய் வந்து.”

“கிழிக்கிறது எந்தத் தாள்?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நேத்தையதுதானே. இன்டையதைக் கிழிச்சா இன்டைக்கு என்ன நாள் எண்டு எப்பிடித் தெரியும்?”

ஸ்ரான்லி பேணியைப் பார்த்தான். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான். அதில் 3 இருந்தது. சிவப்பு ஞாயிறு. தலையில் இரண்டு கையையும் வைத்தான்.

“இருநூத்தித் தொண்ணூறு போஸ்ட்,” என்றான்.

“ஓம்.”

“எல்லாம் முந்தின நாள் தாள். எல்லாம் ஒரு நாள் முந்தி.”

“கலியாணத்தைத் தவிர. அதை நீ கார்ட்டைப் பார்த்துப் போட்டிருப்பாய்.”

“நபீஸ் ஒவ்வொரு நாளும் புல்லரிச்சவன் மச்சான்.”

“பிழையான நாளில புல்லரிச்சிருக்கிறான்.”

மாக்ரெட் அன்ரி சிரித்துவிட்டார். பிறகு நான் இருப்பதை நினைத்து நிறுத்தினார். ஒன்பது மாதத்தில் எனக்கு முதல்முறையாக ஏதோ சரியாக வந்திருந்தது. ஒரு தூணின் கணக்குப் பொருந்தும்போது வருவது போல. பதினாறு என்னுடையது. அவள் பொய் சொல்லவில்லை. கேக் துண்டை எடுத்துக் கடித்தேன்.

“பதினாறை எடு,” என்றேன். “பட்டியல்ல இருந்து.”

“எடுக்கிறேன்.” பேனாவை எடுத்தான். எழுதப்போனவன் நின்றான். “அப்ப இது பதினேழு.”

கேக் வாயில் இருந்தது.

பதினேழு சனிக்கிழமை. அதுவும் எனக்குத் தெரியும். பின்னேரம் நாலு மணி. ஓட்டோவை ஒழுங்கை முகப்பு வரை நானே கூட்டிவந்தேன். அவள் முதுகுக்குத் தலையணை வைத்தது நான். தன் அம்மா வீட்டில் படுக்கப்போகிறேன் என்றாள். கொட்டாஞ்சேனைக் காற்று வேண்டுமாம். கொட்டாஞ்சேனையில் என்ன காற்று என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானம் திரும்பி வந்தாள். நன்றாக நித்திரை கொண்டேன் என்றாள்.

“எங்க நடந்தது?” என்றேன்.

ஸ்ரான்லி அம்மாவைப் பார்த்தான். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அவருக்கும் தெரியும்.

“வத்தளையில என்ட கசின்ட கராஜ். மேல்மாடி. நாப்பது பேர் வரும். அவ தான் ஆளாளுக்குச் சொன்னது. போன் எல்லாம் வாளியில போடச் சொன்னா. ஒரு வாளி நிறையப் போன். அதான் படம் இல்ல.”

“ஏன்?”

“வீடியோ வந்தா நீ பாத்திடுவ எண்டு.”

“எனக்குச் சொல்லியிருந்தா நான் வேண்டாம் எண்டிருப்பனோ?”

“அதான் நானும் கேட்டேன். சுதனைக் கூட்டிக்கொண்டு வா எண்டு. அவ சொன்னா...” நிறுத்தினான்.

“சொல்லு.”

“அவன் மருந்துக் குளிசைப் பெட்டியோட முன்வரிசையில இருப்பான், அந்த முகத்தைப் பாத்தா எனக்குப் பாட்டு மறந்திடும் எண்டா.”

நான் அப்படித்தான் இருந்திருப்பேன்.

“அதுக்கு முதல் நாள் எனக்குச் சொன்னவ, மேடை முடிஞ்சிட்டு எண்டு. கல்லில இருந்து சொன்னவ.”

“அதையும் சொன்னா. நேத்து சுதனுக்கு வாக்குக் குடுத்திட்டேன் எண்டா. அப்ப இது என்ன எண்டு நான் கேட்டேன். வாக்கு நாளையில இருந்து எண்டா.”

“நீ சிரிச்சிருப்பாய்.”

“எல்லாரும் சிரிச்சோம்.”

“யார் எல்லாரும்?”

“நான். நிருஷா. றோஸி அன்ரி.” என் முகத்தைப் பார்த்தான். “பிறகு உனக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சேன் மச்சான். ரெண்டு மாசம் இருந்தாதானே. உண்மையா.”

நாற்பது பேர், அதற்கு மேல் மாமி, மாக்ரெட் அன்ரி. கராஜ் மெக்கானிக்குக்குக்கூடத் தெரியும். வெள்ளவத்தையில் தலையணை வைத்தவனுக்கு மட்டும் தெரியாது. ஐந்து மாடி ஏறி, கணக்குப் போட்டு, நானே நிரூபித்து, நானே கண்டுபிடித்தேன். பேசாமல் பதினாறை விட்டிருந்தால் அவன் பொய்யன், நான் சரி என்று வாழ்ந்திருக்கலாம்.

“இப்ப நீ சொல்லு,” என்றான் ஸ்ரான்லி. “பதினாறும் போட மாட்டேன், பதினேழும் போட மாட்டேன். மேயில பாடினதுதான் கடைசி எண்டு விட்டிடலாம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

நல்ல மனிதன். அதுதான் எரிச்சல்.

நான் தாளைத் திருப்பினேன். இந்த முறை படித்தேன். ஏழு பாட்டுகள். ஐந்துதான் முதலில் எழுதியிருந்தாள். ஆறும் ஏழும் வேறு பேனா. எழுத்து சாய்ந்திருந்தது. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டின் மேல் எழுதியிருந்தாள்: “8.30. சுதன் போன். குளிசை.”

“இது என்ன?”

“அதுவா. ஒரு போன் தான் வாளிக்கு வெளியில இருந்தது. அவட. எட்டரைக்கு நீ கோல் எடுப்பியாம். எடுத்தா எல்லாரும் மூச்சு விடக்கூடாது எண்டா. நாப்பது பேரும் விடல்ல. கராஜ்காரன் இருமல் வந்து படியால கீழ இறங்கிட்டான்.”

எட்டரைக்கு நான் எடுத்தேன்தான். அவள் என்னோடு இல்லாத ஒவ்வொரு இரவும் எடுப்பேன். வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று. போட்டாயா என்று கேட்டேன். “ம்” என்றாள். நித்திரைக் குரல் என்று நினைத்தேன். மூச்சு வாங்கியது. நோயாளி, வாங்கும்தானே. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு அமைதியான வீடு என்று நினைத்தது நினைவிருக்கிறது.

ஆக அங்கேயும் நான் இடைவெளி. ஆனால் அவளே தன் கையால் வரிசையில் எழுதிய இடைவெளி.

“போடு,” என்றேன்.

“எதை?”

“பதினேழை. தாளில இருக்கிற மாதிரி. கோட்டையும் சேர்த்து.”

“மச்சான், எல்லாருக்கும் தெரிஞ்சிடும், உனக்கு...”

“நாப்பது பேருக்குத் தெரிஞ்சது நாலாயிரம் பேருக்குத் தெரிஞ்சா என்ன? மற்றதுகளையும் திருத்து. எல்லாத்தையும் ஒரு நாள் தள்ளு.”

“தள்ளினா ஒரு நாள் வெறுமையா விழுமே. நேத்துப் போட்டதைத்தானே இன்டைக்குத் திரும்பப் போட வேணும்.”

“விழட்டும். பதினஞ்சு வரைக்கும் இப்ப இருக்கிற மாதிரியே போகட்டும். பதினாறில நிப்பாட்டு. பதினேழில இருந்து சரியான நாள்.”

அவன் எழுதிக்கொண்டான். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்தான். பெரிய கறுப்பு 2, சனி. அதை அவனுக்கு நான் சொல்லவில்லை.

கீழே இறங்கி றோஸி மாமி வீட்டுப் பக்கம் போனேன். இரண்டு ஒழுங்கை தள்ளி. வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அவரிடம் என்ன கேட்பது? எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அழுவார். பிறகு சாப்பிடச் சொல்வார். சின்ன வெங்காயம் வாங்கினேன். அம்மா ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துவிட்டு இதுவும் அழுகல் என்றார்.

பதினாறாம் திகதி ஆறரைக்கு விழித்தேன். தொலைபேசி அதிரவில்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். இல்லை. ஏழு மணிக்கும் பார்த்தேன். எட்டு மணிக்கு நபீஸ் பக்கத்தில் எழுதியிருந்தார்: “இண்டைக்கு ஒண்டும் இல்லையா? எல்லாம் சுகம் தானே?” நாற்பத்தொரு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. இருந்தும் சுரேகா செய்தி அனுப்பினாள், ஏன் அண்ணா இன்று ஒன்றும் வரவில்லை என்று. நான் கேட்டு வாங்கிய வெறுமை. ஒரு மனிதனை அதற்குள்ளும் தனியாக இருக்க விடமாட்டார்கள்.

பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து அந்தக் கற்களுக்குப் போனேன். மரவள்ளிப் பொரியல் வாங்கினேன். பழைய எண்ணெய். முழுதும் நானே தின்றேன்.

மறுநாள் ஆறரைக்கு அதிர்ந்தது.

“இன்றைய நாளில், 2024: றஷ்மியின் கடைசி மேடை, வத்தளை. ஏழு பாட்டுகள். நாலாவது பாட்டுக்குப் பிறகு இரண்டு நிமிட இடைவெளி: கணவரின் தொலைபேசி.” கீழே தாளின் படம். கோடு தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு நிமிடமா?

றஷ்மியின் வட்ஸ்அப் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அதை நான் திறப்பதில்லை. திறந்தேன். மேலே போய்க்கொண்டே இருந்தேன். ஓகஸ்ட் 17, இரவு 8.30. குரல் அழைப்பு. நாலு நிமிடம்.

நாலு நிமிடமும் நான்தான் கதைத்தேன். குளிசையைக் கேட்ட பிறகு குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். வொஷர் வாங்க மறந்ததைச் சொன்னேன். அம்மா வெங்காயத்தைப் பற்றிக் குறை சொன்னதைச் சொன்னேன். அவள் நடுநடுவே “ம்” என்றாள். நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் வைக்கச் சொல்லவில்லை.

ஸ்ரான்லிக்கு அழைத்தேன். நித்திரையில் எடுத்தான்.

“பிழை,” என்றேன்.

“இப்ப என்ன மச்சான்? நாள் சரிதானே.”

“நாள் சரி. இடைவெளி ரெண்டு நிமிசம் இல்லை. நாலு.”

“ஆர் சொன்னது?”

“என்னட்ட இருக்கு.”

கொட்டாவி விட்டான். “மாத்தட்டா?”

“மாத்து,” என்றேன். “இப்பவே மாத்து. நபீஸ் எழும்ப முதல்.”